மெயாசிஸ் மரபணு இருந்தாலே பாலினப் பெருக்கம் நடக்கிறது என்று சொல்லலாமா?

கொழிஞ்சாம்பாறை மாணவி:
எம்.எஸ்சி. படிக்கிறேன், அடுத்த வாரம் செமினார். குடலில் வாழும் ஒருசெல் ஒட்டுண்ணியான ஜியார்டியா இரண்டாகப் பிளந்துதான் பெருகும் என்று படித்திருக்கிறோம், ஆனால் 2005-இலேயே அதன் ஜீனோமில் ஸ்போ11, டிஎம்சி1, ஹாப்2, எம்என்டி1 என்று மெயாசிஸுக்கே (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவுக்கே) உரிய மரபணுக்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வேலை இல்லாத மரபணு இத்தனை காலம் சிதையாமல் இருக்குமா? இதை வைத்தே பாலினப் பெருக்கம் உண்டு என்று சொல்லிவிடலாமா?

களியக்காவிளை:
அவ்வளவு தூரம் போகாதே தங்கச்சி. ஏதோ ஒரு வேலை இருக்கிறது என்பது வரைக்கும் சரி. 2008-இல் ஜியார்டியாவின் சிஸ்டுக்குள் (தடித்த உறை போர்த்திய கட்டம்) இரண்டு உட்கருக்களும் இணைந்து மரபுப்பொருளைப் பரிமாறிக்கொள்வதற்குச் சான்று காட்டினார்கள், அதை முழு மெயாசிஸ் என்று சொல்ல முடியாது. அப்புறம், பிளாஸ்டில் (ஒத்த வரிசைகளைத் தேடித் தரும் மென்பொருள்) வந்தது டிஎம்சி1 தானா என்று பார். சாதாரண செல்லில் டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் ராட்51 அதற்கு நெருங்கிய சொந்தம், பரிணாம உறவு மரம் போட்டுப் பார்க்காமல் நம்பவே கூடாது. ஸ்போ11 நேர் எதிர்: இனத்துக்கு இனம் வரிசை நிறைய மாறியிருக்கும், ஆனால் டிஎன்ஏவை வெட்டும் அந்த ஒரு டைரோசின் அமினோ அமிலம் மட்டும் அசையாமல் நிற்கும். வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய உன் அலைன்மென்டில் முதலில் அந்த இடத்தைத் தேடு.

மரபணு இல்லையென்றால் மெயாசிஸே இல்லை என்றும் சொல்ல முடியாது. டிக்டியோஸ்டீலியம் என்ற மண் அமீபாவில் ஸ்போ11 கிடையாது, பாலினச் சுழற்சி உண்டு. பழ ஈயில் டிஎம்சி1, ஹாப்2, எம்என்டி1 மூன்றுமே இல்லை.

குமுளி:
வரிசையோடு நிறுத்திவிடாதீர்கள், அந்த மரபணு எப்போது வெளிப்படுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய சான்று. தூக்க நோய் தரும் டிரிப்பனோசோமாவில் எம்என்டி1, டிஎம்சி1, ஹாப்1 ஆகிய மெயாசிஸ் புரதங்களுக்கு ஒளிரும் குறி போட்டு, செட்சி ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கும் செல்களின் உட்கருவில் 2011-இல் பார்த்தார்கள். சரியான இடத்தில், சரியான கட்டத்தில் தேடியதால் கிடைத்தது.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
இதை எங்கள் லேபிலேயே செய்து காட்ட வழி உண்டா அண்ணா?

குமுளி:
சித்தூர் கள்ளுக்கு நீங்கள் எங்கே போக வேண்டும்! அதிலிருக்கும் சாக்கரோமைசிஸ் ஈஸ்டைப் பிரித்தெடுத்து நன்றாக வளருங்கள், பிறகு நைட்ரஜனே இல்லாத பொட்டாசியம் அசிடேட் ஊடகத்துக்கு மாற்றுங்கள். பட்டினி போட்டால்தான் டிப்ளாய்டு (இரட்டைக் குரோமோசோம் தொகுதி உள்ள) ஈஸ்ட் மெயாசிஸுக்குப் போகும்: முதலில் வெளிப்படும் மரபணு ஐஎம்ஈ1, அது தூண்டிவிட ஸ்போ11ம் டிஎம்சி1ம், அதற்குப் பிறகுதான் என்டிடி80. இடைவெளி விட்டு ஆர்என்ஏ எடுத்தால் இந்த வரிசை தெரியும். ஒரே பைக்குள் நான்கு ஸ்போர்கள் இருப்பது மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும். எல்லா ஈஸ்டும் நன்றாக ஸ்போர் விடாது, அதனால் நாலைந்து கடைக் கள்ளில் எடுத்து வையுங்கள்.