கயாக்கில் போய் சால்மன் பிடிக்க பரிசல் பழக்கம் போதுமா?

பவானிக்கரையான் (கோபி):
எல்லாருக்கும் வணக்கமுங்க. வர்ற ஆவணியில் சியாட்டிலில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போகிறோம், திரும்பி வர ஐப்பசி ஆகிவிடும். அவன் பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு கயாக் (ஒடுக்கமான நீளப் படகு) வைத்திருக்கிறாராம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, கடலில் சால்மன் பிடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். நான் சின்ன வயசிலிருந்து பவானிசாகர் பக்கம் பரிசலில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவன், கெண்டை, ஜிலேபி, கெளுத்தி எல்லாம் பிடித்திருக்கிறேன், நீச்சலும் கிணற்றில் பழகியது, நன்றாகவே வரும். அந்த மாசத்தில் மீன் இருக்குமா, என்ன இரை போடுவது, பெரிய மீன் இழுத்தால் கயாக் கவிழ்ந்துவிடாதா? மகனைக் கேட்டால் யூடியூப் பாருங்கப்பா என்கிறான்.

சென்னிமலையான் (இப்போது சியாட்டில்):
அண்ணா, சரியான நேரத்துக்குத்தான் வர்றீங்க. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முழுக்க பியூஜெட் சவுண்ட் என்கிற இங்கத்துக் கடல் கழிக்குள் கோஹோ என்கிற வகை சால்மன் வரும், மூணு நாலு கிலோ சாதாரணம். பிங்க் என்று இன்னொரு வகை, அது இந்தப் பக்கம் ஒற்றைப்படை வருஷங்களில்தான் கூட்டம் கூட்டமாக வரும், 2025இல் வந்தது, அடுத்து 2027. சினூக்தான் ராஜா, ஆனால் அதற்குக் கட்டுப்பாடு ரொம்ப ஜாஸ்தி, அதை இப்போதைக்கு மறந்துவிடுங்க.

தக்கையைப் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்காருகிற கதை இங்கே நடக்காது. நடக்கிற வேகத்தில் கயாக்கை ஓட்டிக்கொண்டே தூண்டிலைப் பின்னால் இழுத்துப் போகணும், ட்ரோலிங் என்பார்கள். தங்கூஸில் ஆறேழு அவுன்ஸ் ஈயம், அதற்குப் பின்னால் ஃபிளாஷர் என்று ஒரு பளபளப்புத் தகடு, அதிலிருந்து ரெண்டு முழம் தள்ளி முள்ளும் பிளாஸ்டிக் கணவாயும், இல்லாவிட்டால் ஹெர்ரிங் மீன். மண்புழுவை ஊரிலேயே விட்டுவிட்டு வாங்க. விடியும்போது கோஹோ முப்பது நாற்பது அடி ஆழத்திலேயே கிடைக்கும், வெயில் ஏற ஏறக் கீழே இறங்கிவிடும், அதனால் இருட்டு இருக்கும்போதே கிளம்பிவிடணும். கைத்துடுப்பு கயாக் என்றால் கை ரெண்டும் துடுப்பிலேயே போய்விடும், பெடல் மிதிக்கிற கயாக்கா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்க.

லைசென்ஸ் கட்டாயம், சுற்றுலா வந்தவர்களுக்கும் தருவார்கள். சால்மனுக்குத் தனியாக ஒரு கணக்கு அட்டை உண்டு, மீனை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்த உடனே அதில் எழுதணும், கரைக்கு வந்து எழுதிக்கலாம் என்பது செல்லாது. எந்தப் பகுதியில் எது திறந்திருக்கிறது என்பதும் வருஷா வருஷம் மாறும், சில சமயம் சீசன் நடுவிலேயே மூடிவிடுவார்கள், போகிற அன்றைக்குக் காலையில் மீன்துறை இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்க.

பெருந்துறை_மருமகள்:
சென்னிமலை அண்ணா மீனைப் பற்றிச் சொல்லிவிட்டார், தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நாங்கள் வான்கூவரில் இருந்தபோது கயாக் ஓட்டியிருக்கிறேன். கோடை உச்சத்திலும் பியூஜெட் சவுண்டின் தண்ணீர் பல இடங்களில் 12, 13 டிகிரிதான். விழுந்த முதல் நிமிஷம் நீங்கள் வேண்டாம் என்றாலும் மூச்சு தானாக இழுக்கும், அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. அதைத் தாண்டினாலும் பத்து நிமிஷம் போல்தான் கைவிரல் சொன்னபடி கேட்கும். கிணற்று நீச்சல் அங்கே உதவாதுங்க, லைஃப் ஜாக்கெட்தான் உதவும், அதுவும் பின்னால் மடித்து வைத்தது இல்லை, உடம்பில் மாட்டி இறுக்கிக் கட்டியது. கூட ட்ரைசூட் என்கிற தண்ணீர் புகாத உடுப்பும் வேணும், கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் கவ்விப் பிடிக்கும், உள்ளே ஒரு சொட்டு வராது. வாடகைக்குக் கிடைக்கிறதா என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்க. கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறுவதைக் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் பழகாமல் ஆழத்துக்குப் போகாதீங்க.

பரிசல்துறை:
பெரிசு, பரிசல்காரன் என்கிற முறையில் நானும் ஒன்று சொல்லிக்கிறேன், அண்ணன் பையனோடு அங்கே போய் வந்த அனுபவம்தான். பரிசலில் மீன் இழுத்தால் பரிசலே சுற்றிக்கொடுக்கும், எந்தப் பக்கமும் ஒன்றுதான். கயாக் நீளம், பக்கவாட்டில் இழுவை வந்தால்தான் வம்பு. மீன் மாட்டியதும் தடியைக் கயாக்கின் மூக்குப் பக்கம் திருப்பிவிடுங்க, அது கயாக்கையே இழுத்துக்கொண்டு போகும், போகட்டும். புதுசாக மூக்கணாங்கயிறு குத்திய காளங்கன்றைப் போல முதல் ஓட்டம் ஓடும், அப்போது ரீலை இறுக்கினால் தங்கூஸ் அறுந்துவிடும். பக்கத்தில் வந்து வெள்ளை வயிறு தெரிந்ததும் ஓய்ந்துவிட்டது என்று நினைக்காதீங்க, கயாக்கைப் பார்த்ததும் இன்னொரு தடவை கீழே பாயும். வலையைத் தண்ணீருக்குள் முக்கி வைத்து, தலைப்பக்கமாக மீனை அதற்குள் ஓட்டணும், வலையோடு மீனைத் துரத்தக் கூடாது, உடம்பை வெளியே சாய்க்கவும் கூடாது. சீல் (கடல்நாய்) ஒன்று பக்கத்தில் தலை நீட்டினால் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்க, பாதி மீன்தான் மிஞ்சும்.

பவானிக்கரையான்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ட்ரைசூட் வாடகை விசாரிக்கச் சொல்லிவிட்டேன், வீட்டுக்காரி நீங்க போகவே வேண்டாம் என்று ஆரம்பித்துவிட்டாள். சில மீனைத் திரும்ப விட்டுவிடணும் என்று மகன் சொல்கிறான், எதை விடுவது, எப்படித் தெரியும்?

சென்னிமலையான்:
முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சுண்டு விரல் நுனி அளவுக்குக் கொழுப்புத் துடுப்பு ஒன்று இருக்கும். பண்ணையில் பொரித்து விட்ட குஞ்சுகளுக்கு அதை வெட்டிவிட்டிருப்பார்கள், அந்த இடம் ஆறிய தழும்பாக மொழுக்கென்று இருக்கும். துடுப்பு முழுசாக இருந்தால் காட்டு மீன், அதை விடணும் என்கிற விதி பல பகுதிகளில் உண்டு. விட வேண்டிய மீனைப் படகுக்குள் தூக்குவதே குற்றம், அதனால் தண்ணீரில் வைத்தே பார்த்து, முள்ளைக் கழற்றிவிடுங்க. முள்ளும் உள்பக்கப் பிசிறு இல்லாததாக இருக்கணும், இருந்தால் பிளையரால் நசுக்கிக்கொள்ளலாம், வலையும் முடிச்சில்லாத ரப்பர் வலை.

வைத்துக்கொள்கிற மீனாக இருந்தால் உடனே செவுளை வெட்டி ரத்தத்தை வடியவிட்டு ஐஸில் போடுங்க, முக்கியமாக பிங்க் சீக்கிரம் குழைந்துவிடும். குழம்பு வைக்கும்போது எண்ணெயைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்க அக்காவை, மீனிலேயே அவ்வளவு எண்ணெய் இருக்கு. வரமல்லி, சின்ன வெங்காயம், தேங்காய் நம்மூர் அளவுதான், புளி மட்டும் ஒரு பிடி கூட.