ஒரே ஒரு நாள் பனியில் சறுக்க வருகிறவருக்கு மலையில் இடம் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டென்வரிலிருந்து

போன டிசம்பரில் மதுரையிலிருந்து அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். அக்கா மகளுக்குப் பதினோரு வயது. அதுவரை பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. வந்து இறங்கிய நாளிலிருந்து "மாமா, மலைக்கு எப்ப போறோம்?" என்று ஒரே கேள்விதான்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒருநாள் காலை ஐந்தரைக்கே கிளம்பி, ஐ-70 நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஊர்ந்து, ஒரு பெரிய பனிச்சறுக்கு ரிசார்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். எந்த மலை என்பது வேண்டாம், இந்தப் பக்கம் பெரிய மலைகள் பலவற்றில் இதே நிலைதான். டிக்கெட் ஜன்னலில் விலை கேட்டேன். சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கு, பெரியவருக்கு ஒரு நாள் டிக்கெட் 270 டாலர். பிள்ளைக்குக் கொஞ்சம் குறைவு. பூட்ஸ், ஸ்கீ வாடகை தனி. முதல்முறை வருகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பு அவசியம், அது இன்னும் தனி. என்னிடம் இருந்தது சீசன் பாஸ், அதாவது பருவம் முழுக்கச் சறுக்க முன்கூட்டியே வாங்கும் அட்டை. அதோடு நண்பர்களுக்கென்று கிடைத்த சலுகை டிக்கெட் அந்த வாரம் செல்லாது என்றார்கள். அத்தான் மனதுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. "வேணாம் மாப்ள, சும்மா பாத்துட்டுப் போயிரலாம்" என்றார்.

என் ஜாக்கெட் பைக்குள் அந்த சீசன் பாஸ் இருந்தது. நான் மட்டும் போயிருந்தால் வாசல் தானாகத் திறந்திருக்கும், அன்றைக்கு எனக்கு ஒரு பைசா செலவில்லை. போக மனம் வரவில்லை. பார்க்கிங் ஓரத்தில் வண்டி தள்ளிக் குவித்த பனிமேடு ஒன்று இருந்தது, மண்ணும் உப்பும் கலந்து பழுப்பாக. அக்கா மகள் கடைப் பையை அடியில் போட்டுக்கொண்டு அதில் சறுக்கினாள். ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும், லிஃப்டில் கால்களை ஆட்டிக்கொண்டு போகிற பிள்ளைகளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இது ஏன் இப்படி ஆனது என்று புரிய ஒரு சின்னப் பின்கதை. 1998-ல் கொலராடோவின் வின்டர் பார்க் என்ற சறுக்குமலை, நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் 800 டாலருக்கு நான்கு சீசன் பாஸ் என்று அறிவித்தது. தலைக்கு 200 டாலர். மற்ற மலைகளும் விலையைக் குறைத்தாக வேண்டியிருந்தது. 2008-ல், பல மலைகளைக் கையில் வைத்திருக்கும் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் எபிக் பாஸைக் கொண்டுவந்தது: 579 டாலர், அவர்களுடைய எல்லா மலைகளிலும் கணக்கில்லாமல் சறுக்கலாம். அப்போது ஒரு நாள் டிக்கெட்டே கிட்டத்தட்ட 100 டாலர். ஆறேழு நாள் போனால் பாஸின் காசு வந்துவிடும். நான் டென்வர் வந்த புதிதில் அதைத்தான் வாங்கினேன். சம்பளம் குறைவாக இருந்த அந்த நாட்களில் அது எனக்குப் பெரிய கொடை. அதை மறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் பாஸை வாங்க வேண்டியது பனி விழுவதற்கு முன்பு. வசந்தத்திலிருந்தே விற்பார்கள், செப்டம்பருக்குப் பிறகு விலை ஏறும், டிசம்பர் தொடக்கத்தோடு விற்பனை முடிந்துவிடும். பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பணம் நிறுவனத்தின் கைக்கு முன்கூட்டியே வந்துவிடுகிறது. முன்பு குளிர்காலம் பொய்த்தால் மலை முதலாளி நடுத்தெருவுக்கு வருவார். இப்போது அந்தச் சுமையை நாம் சுமக்கிறோம். எல்லோரையும் பாஸ் பக்கம் தள்ள வேண்டுமென்றால் ஒரு நாள் டிக்கெட்டை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். பெரிய ரிசார்ட்டுகளில் விடுமுறை நாள் விலை இப்போது 300 டாலரைத் தாண்டிவிட்டது. பாஸும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, இருந்தாலும் அந்த 300-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மலிவாகத் தெரிகிறது.

அடிபடுவது யார்? செப்டம்பரில் முடிவெடுக்க முடியாதவர். ஊரிலிருந்து வரும் விருந்தாளி. பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாமல் ஒரு நாள் முயன்று பார்க்க நினைக்கும் பிள்ளை. நாம் எல்லோரும் ஒரு காலத்தில் அந்த இடத்தில் இருந்தவர்கள்தானே.

உங்களுக்கு எப்படி? நல்லது, கெட்டது எதுவானாலும் எழுதுங்கள்.

டொரன்டோவிலிருந்து

அண்ணா, உங்கள் அக்கா மகளின் கதை மனதைத் தொட்டது. ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள். நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம், இங்கிருந்து ப்ளூ மவுன்டன் சறுக்குமலை இரண்டு மணித்தியாலத் தூரம். அது, வெய்லைப் போலப் பல மலைகளை வைத்திருக்கும் ஆல்டெரா நிறுவனத்தின் கையில் இருக்கிறது, கியூபெக்கில் உள்ள மோன் ட்ரோம்ப்ளானும் அப்படித்தான். அவர்களுடைய ஐகான் பாஸ் வாங்கினால் இரண்டுக்கும் போகலாம். மார்ச் விடுமுறையில் ட்ரோம்ப்ளான் போனோம். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனோம், லிஃப்டுக்குத் தனியாக ஒரு சதமும் கொடுக்கவில்லை. என்னுடைய மூத்தவன் இப்போது என்னைவிட நன்றாகச் சறுக்குகிறான். பாஸ் இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒரு தரம் கூட்டிப்போயிருப்பேன், அவ்வளவுதான்.

கூட்டம் உண்டு, மறுக்கவில்லை. நாங்கள் ஞாயிறு பிற்பகலில் போகப் பழகிக்கொண்டோம்.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து

எல்லோரும் விலையைப் பற்றிப் பேசுகிறோம். மலையில் வேலை செய்கிறவர்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

மூன்று வருடம் முன்பு என் மகள் ஒரு நீல ஓட்டத்தில், அதாவது நடுத்தரச் சிரமமுள்ள சறுக்குப் பாதையில், விழுந்து முழங்காலைத் திருகிக்கொண்டாள். யாரோ தகவல் சொல்லி, ஐந்து நிமிடத்துக்குள் சிவப்பு ஜாக்கெட்டும் வெள்ளைச் சிலுவையுமாக ஒரு பெண் வந்தார். ஸ்கீ பேட்ரோல், மலையின் மீட்புப் பணியாளர். முதலில் தன் ஸ்கீ இரண்டையும் எங்களுக்கு மேலே குறுக்காக ஊன்றினார், மேலிருந்து வருகிறவர்கள் விலகிப் போக. அப்புறம் பனியில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, மகளின் பெயரைக் கேட்டார், வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டார். பேசிக்கொண்டே காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டார். பிறகு அவளைச் சறுக்குப் படுக்கையில் கட்டி, முன்னால் நின்று கைப்பிடியைப் பிடித்து, அந்தச் சரிவில் ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கிக் கொண்டுவந்தார். எத்தனை வருடம் பழகினால் அது கைகூடும்!

இதே ஆட்கள்தான் பொழுது விடியும் முன் வெடிவைத்துப் பனிச்சரிவை முன்கூட்டியே சரியவிட்டு, ஓட்டம் பாதுகாப்பானது என்று உறுதி செய்கிறவர்கள். 2024 டிசம்பர் 27 அன்று எங்கள் பக்கத்தில் வெய்ல் நடத்தும் பார்க் சிட்டி மலையில் சுமார் 200 பேட்ரோல் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தொடக்கச் சம்பளம் மணிக்கு 21 டாலர், அதை 23 ஆக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. ஆண்டிலேயே கூட்டம் அதிகமான வாரம் அது. பாதுகாப்பை உறுதி செய்ய ஆளில்லாததால் மலையின் பெரும்பகுதியைத் திறக்க முடியவில்லை. பல்லாயிரம் டாலர் செலவழித்து வந்த குடும்பங்கள் வரிசையிலேயே பொழுதைக் கழித்தன. ஜனவரி 8-ல் கேட்டது கிடைத்து வேலைநிறுத்தம் முடிந்தது. அந்த நாட்களில் வந்தவர்களுக்கு அடுத்த பருவத்துப் பாஸில் கழிவு தருவதாகவும் வெய்ல் பிறகு அறிவித்தது.

அந்த இரண்டு டாலர் வித்தியாசத்தையும், ஒரே ஆளின் ஒரு நாள் டிக்கெட் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் மகளை இறக்கிக் கொண்டுவந்த பெண் அந்த ஊரில் ஒரு அறை வாடகைக்கு எடுக்க முடியாமல் தினமும் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறவராகத்தான் இருந்திருப்பார். அங்கே வேலை செய்கிற எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் அப்படித்தான் வருகிறார்கள்.

பாஸ்டனிலிருந்து

வேறு மாதிரியும் ஒரு மலையை நடத்தலாம் என்பதற்கு என் அனுபவம். வெர்மான்ட்டில் மேட் ரிவர் க்ளென் என்று ஒன்று இருக்கிறது. 1995-லிருந்து சறுக்குகிறவர்களே பங்கு வாங்கிக் கூட்டுறவாக நடத்துகிறார்கள். ஒற்றை நாற்காலி லிஃப்ட், 1948-ல் போட்டது. 2007-ல் அது தேய்ந்துபோனபோது வேகமான புது லிஃப்டுக்கு மாறாமல், பழையதையே பிரித்துச் சீர் செய்து மாட்டினார்கள். லிஃப்ட் வேகமானால் ஓட்டத்தில் ஆள் நெரியும் என்பது அவர்கள் கணக்கு.

முதல் தடவை அதில் தனியாக உட்கார்ந்து மேலே போனபோது மரங்களில் பனி உதிரும் சத்தம் கேட்டது. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. பக்கத்து நாற்காலியே கிடையாதே.

குறையும் உண்டு. பெரும்பாலும் வானத்துப் பனியை நம்பித்தான் ஓடுகிறது, வெப்பமான குளிர்காலத்தில் பாதி நாள் மூடிக் கிடக்கும். ஸ்னோபோர்டுக்கு அனுமதியே இல்லை, என் தம்பி அதனாலேயே வர மறுக்கிறான். பாறை, புதர் எல்லாம் அப்படியே இருக்கும், புதிதாகக் கற்க வருகிறவருக்கு இது ஏற்ற இடம் என்று சொல்ல மாட்டேன்.

டென்வரிலிருந்து, மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. டொரன்டோ நண்பர் சொன்னது உண்மை, நானும் அப்படிப் பயனடைந்தவன்தான். பாஸ்டன் நண்பர் எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர் ஏ-பேசின் ஞாபகம் வந்தது. அதன் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முழுப்பெயர் அரபஹோ பேசின், 1946-ல் தொடங்கியது. உச்சி 13,000 அடிக்கு மேல். தங்கும் விடுதி கிடையாது, பார்க்கிங்கில் முன்வரிசைக்கு 'பீச்' என்று பெயர், வசந்தத்தில் அங்கேயே அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவார்கள். 1997-ல் வெய்ல் நிறுவனம் பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோனோடு இதையும் சேர்த்து வாங்கப் பார்த்தபோது, போட்டி குறைந்துவிடும் என்று அமெரிக்க நீதித்துறை தலையிட்டு ஏ-பேசினை வேறொருவருக்கு விற்கச் சொன்னது. விற்றார்கள். ஆனாலும் அது வெய்ல் பாஸில் இருபது ஆண்டுக்கு மேல் நீடித்தது. கடைசியில் பார்க்கிங் நிரம்பி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் நிலை. 2019-ல் தாங்களாகவே எபிக் பாஸிலிருந்து வெளியேறினார்கள். அவர்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்து கொட்டிய பாஸ் அது. ஒரு வியாபாரம் தன் வாடிக்கையாளர் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொண்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐகானில் சேர்ந்தார்கள், ஆனால் ஆளுக்கு இத்தனை நாள்தான் என்று வரம்பு வைத்து. அடுத்த குளிர்காலம் அங்கே போனபோது சனிக்கிழமை பத்து மணிக்கும் வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. லிஃப்ட் வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பி, "பழைய நாள் மாதிரி இருக்கிறது இல்லையா?" என்றார். முன்பின் தெரியாதவர். இருவரும் சிரித்துக்கொண்டோம்.

2024 நவம்பரில் ஏ-பேசினை ஆல்டெரா வாங்கிவிட்டது. ஒரு பெரிய கையிடம் போகக் கூடாது என்று அரசு தலையிட்டுத் தடுத்த மலை, 27 வருடம் கழித்து இன்னொரு பெரிய கைக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னும் அங்கே போகிறேன், மலை அதே மலைதான். ஆனால் அந்த 2019-ஐப் போல ஒரு முடிவை இனி அங்கிருக்கிறவர்கள் தாங்களே எடுக்க முடியுமா என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, அக்கா மகள் விஷயம். ஊருக்குத் திரும்பும் முன் அவளை லவ்லண்டுக்குக் கூட்டிப்போனேன். ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு நேர் மேலே இருக்கிறது, எந்தப் பெரிய நிறுவனத்தின் கையிலும் இல்லை, பார்க்கிங் இலவசம். கற்றுக்கொள்கிறவர்களுக்கென்றே கீழே 'வேலி' என்று தனி இடம் வைத்திருக்கிறார்கள். வாடகை பூட்ஸின் கொக்கியை மாட்ட அவள் விரலுக்கு வலு போதவில்லை, நான் மண்டியிட்டு மாட்டிவிட்டேன். முதல் இரண்டு மணி நேரம் விழுந்துகொண்டே இருந்தாள். மதியத்துக்கு மேல் இருபது அடி தூரம் விழாமல் வந்தாள். நின்ற இடத்திலிருந்து "மாமா, பாத்தியா!" என்று கத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை நண்பரின் பிள்ளைகள் இருவரை அங்கே கூட்டிப்போகிறேன், இருவருக்கும் இதுதான் முதல் நாள். வண்டியில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. டென்வர் பக்கம் இருப்பவர்கள், வீட்டில் ஸ்கீயே போடாத ஆள் இருந்தால் சொல்லுங்கள். காலை ஆறரைக்குக் கிளம்புகிறோம். சிறுவர் அளவில் கையுறை இரண்டு ஜோடி கூடுதலாக வைத்திருக்கிறேன்.