பால்கனியை வெளியே நீட்டலாமா, உள்ளே வாங்கலாமா?

வணக்கம் நண்பர்களே. முதல் மாடி எடுக்கப் போறோம். பால்கனியை வெச்சு ஒரு வாரமா வீட்டுல பட்டிமன்றம்தான்.

எனக்குத் தூணே இல்லாம 4 அடி வெளியே நீட்டுற கான்டிலீவர்தான் ஆசை. இதுல இழுவிசை ஸ்லாபோட மேல்பக்கம் வர்றதால, முக்கியக் கம்பியும் மேலேதான் இருக்கணும். வரைபடமும் அப்படித்தான் சொல்லுது. ஆனா பக்கத்து சைட்டுல நானே பார்த்தேன்: கான்கிரீட் கொட்டும்போது ஆளுங்க மிதிச்சு மிதிச்சு மேல்கம்பி அடிக்கம்பியோட ஒட்டிப் படுத்துடுச்சு. அதுக்கப்புறம் தூக்கமே வரல. மேல்கம்பி இறங்காம இருக்க அடியில முட்டுக் கொடுக்கிற வளைச்ச கம்பியை (chair, சேர் கம்பி) எவ்வளவு நெருக்கமா வெச்சீங்க? கம்பியை உள்ஸ்லாபுக்குள்ள எத்தனை அடி ஓட்டினீங்க?

மனைவிக்கு வீட்டுக்குள்ள வாங்கி, மூணு பக்கமும் சுவர் வர்ற லாஜியா வேணும். வெயில், சாரல் அவ்வளவா உள்ளே வராது, சரி. ஆனா அறை அளவு குறையுமே. மகளோ ஜூலியட் பால்கனிங்கறா. கதவைத் திறந்தா நேரா கிராதிதான். நிக்க இடமில்லாததுக்குப் பேரு பால்கனியாம்!

தரையை அறையைவிட 2 அங்குலம் இறக்கி, 100க்கு 1 வாட்டம் கொடுக்கறதா இருக்கோம். ஸ்லாப் விளிம்புக்கு அடியில தண்ணி உள்பக்கம் ஓடாம சொட்டி விழ காடி (நீளவாக்குல சின்னப் பள்ளம்) விட்டவங்க இருந்தா போட்டோ போடுங்க.

கிராதிக்குச் செங்குத்துக் கம்பிதான், இடைவெளி 10 செ.மீ.க்குள்ள. படுக்கைக் கம்பி வெச்சா பேரன் ஏணியாக்கிடுவான்.