'இயற்கை நாட்குறிப்பு' போதுமா? என் பரிந்துரை: திணையேடு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில், சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேரைப் பால்மரக்காட்டு (ரப்பர்த் தோட்டத்து) ஓரமாக அழைத்துப்போய், கண்டதை எழுதவும் வரையவும் வைக்கிறேன். அந்த ஏட்டுக்கு ஒரு பெயர் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலரும் 'இயற்கை நாட்குறிப்பு' என்றீர்கள். நானும் முதலில் அதைத்தான் வைத்தேன். மறுவாரம் ஏடுகளைத் திறந்தால், "காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், நாசி லெமாக் சாப்பிட்டேன்" என்று இருந்தது. பிள்ளைகள்மேல் பிழையில்லை. நாட்குறிப்பு என்றாலே தன்னைப் பற்றி எழுதுவது என்றுதான் அவர்கள் பழகியிருக்கிறார்கள். 'இயற்கை இதழ்' என்றால் அச்சில் வரும் சஞ்சிகை ஆகிவிடும். 'களக்குறிப்பு' நல்ல சொல்தான். ஆனால் அது ஆய்வாளருக்கு உரியது. பார்ப்பவரின் வியப்புக்கு அதில் இடம் குறைவு.

மூத்த நண்பர் ஒருவர் சொன்ன 'வெளிக்காட்டுக் குறிப்பு' என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. தோட்டத்தில் களையெடுப்பு போன்ற வெளிவேலையை 'வெளிக்காடு' என்பார்கள். இந்த மண்ணிலேயே பிறந்த சொல். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "பாட்டி பட்டதெல்லாம் போதாதா? பிள்ளைகளை மறுபடியும் வெளிக்காட்டுக்கா அனுப்புகிறாய்?" என்று அம்மா கேட்டார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லை எடுத்தாள எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே 'திணையேடு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். திணை என்பது நிலம், பொழுது, அங்குள்ள உயிர்கள், மனிதரின் உணர்வு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பழந்தமிழ் இலக்கிய வகைப்பாடு. நான் மேலானதாகக் கருதும் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். எழுதியவளுக்கு வயது பதினொன்று. அதில் வரும் 'மங்கு', மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம்.

"காலை 7.40. பள்ளி வேலிக்கு அப்பால், மூன்றாவது பால்மரம். இலை பாதி சிவப்பு, பாதி மஞ்சள். மங்கில் பழைய பால் காய்ந்திருக்கிறது, அதன்மேல் எறும்பு. காற்று இல்லை. ஆனாலும் இலை விழுகிறது. மரம் தானாக விடுகிறதா? எனக்குப் பாவமாக இருந்தது."

நிலம் இருக்கிறது, பொழுது இருக்கிறது. இவை முதற்பொருள். மரமும் எறும்பும் கருப்பொருள். தொல்காப்பியம் கருப்பொருளில் மக்களின் தொழிலையும் சேர்த்தே சொல்கிறது. ஆகையால் 'மங்கு' என்ற சொல்லை அடித்துவிட்டு 'இயற்கையை மட்டும் எழுது' என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வரியில் அவள் மனம் இருக்கிறது. அகத்திணையின் உரிப்பொருளோடு, அதாவது புணர்தல், பிரிதல் போன்ற காதல் உணர்வுகளோடு, அது முழுக்க ஒன்றாகாது என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இடம், காலம், உயிர், உணர்வு நான்கையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கத் திணையைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் எது இருக்கிறது?

ஐந்திணையில் பால்மரக்காடு ஏது என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கார், கூதிர் முதலான ஆறு பொழுதுகளும் ஆண்டு முழுக்க மழை பெய்யும் இந்த ஊருக்குப் பொருந்தா. இங்கே பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலையுதிர்க்கும், பாலும் குறையும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் தொங்கும். ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் காய் பட்டென்று வெடித்துக் கொட்டை தெறிக்கும். வடக்கிலிருந்து தகைவிலான் குருவிகள் வந்து கம்பிகளில் உட்காரும். இந்தப் பொழுதுகளைப் பிள்ளைகளே எழுதி வகுக்கட்டும். அதற்குத்தான் அந்த ஏடு.

புதுச்சொல் புழங்காது என்ற அச்சம் எனக்கில்லை. 1877இல் பக்கத்து ஊரான கோலகங்சாரில் 9 ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அந்த மரம் பின்னாளில் தோட்டம் தோட்டமாகப் பரவியபோது, அதில் பால் வெட்டிய நம்மவர்கள் கண்டதைச் சொன்னார்கள்: பால்மரம். எண்ணெய்ப்பனைக்குச் 'செம்பனை' என்பதும் இங்கே நிலைத்த சொல்தான்.

'தினை' என்று சிலர் எழுதிவிடுவார்கள் என்பது உண்மை. திருத்திக்கொள்ளலாம். வினையாக 'திணையேடு எழுதுதல்' என்பதே போதும் என்று நினைக்கிறேன். 'திணையேட்டியல்' என்றெல்லாம் நீட்ட வேண்டாம்.

வியாழக்கிழமை ஏட்டு அட்டைகளை அச்சுக்குக் கொடுக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். தோட்டத்தில் வளர்ந்த மூத்தவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன்: பால்மரம் இலையுதிர்க்கும் அந்த மாதங்களை உங்கள் தோட்டத்தில் என்ன சொல்லி அழைத்தார்கள்? முதல் பக்கத்தின் தலைப்பில் பிள்ளைகள் எழுத அந்தச் சொல் வேண்டும்.