அப்பாவுக்குத் தெரியாத குரூப்

மீனா: அம்மா, அப்பா நடந்துகொண்டே போன் பேசினால் இப்படி மூச்சு வாங்குகிறதே?

அம்மா: கேட்டால் வயசாச்சு என்கிறார். கும்பேசுவரன் கோயிலுக்கு ஒரே மூச்சில் நடப்பவர், இப்போது பாதியில் சோடாக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார். கடைக்காரரோடு பேச உட்கார்ந்தாராம்.

சரவணன்: மூட்டு வலிதானே அவருக்கு?

செல்வி: பெரியம்மா, ராத்திரி எப்படித் தூங்குகிறார்?

அம்மா: எங்கே தூங்குகிறார்! முதலில் ஒரு தலையணை, அப்புறம் இரண்டு, இப்போது என்னுடையதும் அவரிடம்தான். நேற்று இரண்டு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, விடியும்வரை சாய்வு நாற்காலியிலேயே கிடந்தார். புழுக்கமாம். ஃபேன் ஐந்தில் ஓடுகிறது.

செல்வி: புழுக்கம் இல்லை பெரியம்மா. எங்கள் வார்டில் தினம் பார்க்கிறேன். படுத்ததும் காலில் தேங்கிய நீர் ரத்தத்தோடு மேலே வரும். அதைத் தள்ள இதயத்துக்குத் தெம்பு இல்லையென்றால் நுரையீரலில் நீர் கோக்கும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். கால் வீக்கம் உண்டா? முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுத்துப் பாருங்கள்.

அம்மா: தைலம் தேய்க்கிற சாக்கில் அழுத்தினேன். குழி அப்படியே நிற்கிறது. செருப்பு வார் மாட்ட முடியாமல் இரண்டு நாளாக ஹவாய் செருப்புதான்.

முருகேசன் மாமா: வாழைத்தண்டு சாறு கொடு அக்கா. தண்ணீரும் நிறைய குடிக்கச் சொல், நீர் பிரிந்து வீக்கம் வடிந்துவிடும்.

செல்வி: ஐயோ மாமா, உடம்பில் தேங்கியிருப்பதே நீர்தான். அதன் மேல் இன்னும் ஊற்றவா?

சரவணன்: பிபி மாத்திரையால்கூடக் கால் வீங்கும் என்று படித்தேன்.

செல்வி: அம்லோடிபின் என்கிற பிபி மாத்திரையால் வீங்கும், உண்மைதான். ஆனால் அதற்குத் தலையணை மூன்றாகாது. எடை எவ்வளவு?

அம்மா: சுகர் நோட்டில் போன வாரம் 64. இன்று 67. நாலு இட்லி சாப்பிட்டவர் ஒன்றரையிலேயே வயிறு கம்மென்று இருக்கிறது என்கிறார். எடை எப்படி ஏறும்?

செல்வி: எல்லாம் நீர். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலே வரச் சொல்வோம். ஸ்டென்ட் வைத்த இதயம், பிபி வேறு. இது இதயச் செயலிழப்பாக இருக்கலாம். இதயம் நிற்கப்போகிறது என்று பயப்படாதீர்கள், ரத்தம் தள்ளுவதில் சுணக்கம், அவ்வளவுதான். நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆமாம், மூட்டுக்கு என்ன சாப்பிடுகிறார்?

அம்மா: மெடிக்கலில் அவராகவே டைக்ளோஃபெனாக் வாங்கி வைத்திருக்கிறார். தினம் இரண்டு.

செல்வி: அதை இன்றே நிறுத்துங்கள். உப்பையும் நீரையும் உடம்பிலேயே பிடித்துவைக்கும். மற்ற மாத்திரைகளை நிறுத்தாதீர்கள், வழக்கம்போலவே கொடுங்கள். நாளைக் காலையே டாக்டரிடம் போக வேண்டும்.

மீனா: வரவே மாட்டார். போன தடவை ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டார்.

சரவணன்: இதயம் என்று ஆரம்பிக்காதீர்கள். கூட்டுறவு வங்கியில் காலமெல்லாம் கணக்கு எழுதியவர். நோட்டை முன்னால் வைத்து மூன்று கிலோ எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள் அம்மா. கணக்கு இடித்தால் அவருக்குப் பொறுக்காது.

செல்வி: அது நாளைக்கு. இன்று ராத்திரி உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை, நெஞ்சு வலிக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, இருமினால் இளஞ்சிவப்பாய் நுரை வருகிறது, இதில் எது வந்தாலும் அவரைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். 108.

(மறுநாள் காலை)

அம்மா: நோட்டைப் பார்த்துவிட்டு மெஷின் பழுது என்றார். நான் ஏறிக் காட்டினேன். என் 58 அப்படியே இருக்கிறது. பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டார்.

மீனா: அம்மா!!

செல்வி: இசிஜி, எக்கோ என்கிற இதய ஸ்கேன், இதயம் திணறுகிறதா என்று காட்டும் என்டி-புரோபிஎன்பி ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதுவார்கள். மாத்திரை அட்டைகளை எடுத்துப் போங்கள், அந்த வலி மாத்திரையையும். தலையணைக் கதையை நீங்களே சொல்லுங்கள், பெரியப்பா ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்.

அம்மா: எக்கோவுக்கு வெறும் வயிறா?

செல்வி: வேண்டாம். இட்லி கொடுத்தே கூட்டிப் போங்கள். நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை மட்டும் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.