வால்டர் வைட்டிடம் இருந்தது குற்றவுணர்வா?

சுன்னாகத்திலிருந்து கேள்வி:
'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை நண்பர்களோடு பார்த்து முடித்த நாள் முதல் எங்களுக்குள் ஒரு வாதம் ஓயவில்லை. போதைப்பொருள் தயாரிப்பில் இறங்கும் இரசாயனவியல் ஆசிரியர் வால்டர் வைட்டின் கதை அது. அவருடைய கூட்டாளி ஜெஸ்ஸியின் காதலியான ஜேன் வாந்தியில் மூச்சுத் திணறிச் சாகும்போது, அவளைப் புரட்டிவிட்டுக் காப்பாற்றியிருக்கக்கூடிய வால்டர் கட்டிலருகே வாளாவிருக்கிறார். ஆனால் அவருடைய கண்கள் கலங்குகின்றன. அந்தக் கண்ணீரைக் குற்றவுணர்வு என்று கொள்ளலாமா? இரசாயனவியல் ஆசிரியருக்கு யாழ்ப்பாணத்தில் உள்ள மதிப்பினாலோ என்னவோ, எங்களுள் பலருக்கு அவரைக் கைவிட மனம் வரவில்லை.

நல்லூரிலிருந்து பதில்:
தம்பி, கண்ணீரை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்றாம் பருவத்தில், ஆய்வுகூடத்தில் ஓர் ஈயைத் துரத்தும் அத்தியாயத்தை மீண்டும் பாருங்கள். ஜெஸ்ஸி கோப்பியில் கலந்து கொடுத்த தூக்கமாத்திரையின் மயக்கத்தில், தான் செத்திருக்க வேண்டிய தருணம் ஜேன் இறந்த இரவுதான் என்கிறார் வால்டர்: தொலைக்காட்சியில் யானைகளைப் பற்றிய நிகழ்ச்சி ஓட, அடுத்த அறையில் மனைவி குழந்தைக்குப் பாடுவது கேட்ட அந்தக் கணம். அவர் வருந்துவது அந்தப் பெண்ணின் உயிருக்காக அன்று, தன் கதை அழகாக முடியாமற் போனதற்காக. பிறகு, ஏணியில் தள்ளாடி நிற்கும் ஜெஸ்ஸியிடம் ஜேனுக்காக வருந்துவதாகச் சொல்கிறார். அவன் அதை வெறும் இரங்கலாகவே எடுத்துக்கொள்ள, இவரும் அப்படியே விட்டுவிடுகிறார். உண்மையை அவர் வாய் திறந்து சொல்வது இறுதிப் பருவத்தில், அவனைக் கொலைகாரர்களிடம் ஒப்படைக்கும் வேளையில், அவன் நெஞ்சைக் கிழிப்பதற்காக மட்டுமே. வாக்குமூலத்தையே ஆயுதமாக்கிய ஒருவரை மன்னிக்க என்னால் இயலாது.

கொக்குவிலிலிருந்து பதில்:
ஐயா சொல்வது சரியே. கடைசி அத்தியாயத்தில், எல்லாவற்றையும் தனக்காகவே செய்ததாகவும் அது தனக்குப் பிடித்திருந்ததாகவும் மனைவியிடம் வால்டர் ஒப்புக்கொள்கிறார். அது நேர்மைதான், ஆனால் அதில் இறந்தவர் ஒருவருக்கும் இடமில்லை. இதன் கிளைத்தொடராக வந்து 2022இல் முடிந்த 'பெட்டர் கோல் சோல்' தொடரில், 7 ஆண்டுச் சிறையோடு தப்பியிருக்கக்கூடிய, வால்டரின் வழக்கறிஞராக இருந்த சோல் குட்மன், தன் அண்ணனின் சாவில் தனக்கிருந்த பங்கு உட்பட யாவற்றையும் நீதிமன்றத்தில் தானே சொல்லி, 86 ஆண்டுத் தண்டனையை ஏற்றுக்கொள்கிறார். குற்றவுணர்வு என்று நான் கருதுவது அதைத்தான்.

சுன்னாகத்திலிருந்து:
இருவருக்கும் நன்றி. இருந்தாலும், அடைத்து வைக்கப்பட்டிருந்த ஜெஸ்ஸியைக் கண்டதும் அவன் மேல் விழுந்து துப்பாக்கிச் சூட்டிலிருந்து காத்த அந்தச் செயலை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. வால்டர் ஒருபோதும் வாயால் சொல்லாததை அங்கே அவருடைய உடல் செய்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.