மதுரைப் பக்க ஆய்வாளர்களுக்கு ஒரு ஹெச்பிசி (அதிவேகக் கணினி வசதி) பட்டியல் போடலாமா?

நாகமலை மாணவி:
குரோமாக்ஸ் என்ற மென்பொருளில், புரத மூலக்கூறுகள் எப்படி அசைகின்றன என்று பார்க்கும் சிமுலேஷன் ஓட்டுகிறேன். லேப் கணினியில் ஒரு ஓட்டமே வாரக்கணக்கில் இழுக்கிறது. எந்தக் கல்லூரியில் என்ன கிளஸ்டர் (பல கணினிகளை இணைத்த தொகுப்பு), வெளியாட்களுக்குத் தருவார்களா, யாரிடம் கேட்பது என்று ஒரே இடத்தில் இருந்தால் எத்தனை பேருக்கு உதவும்! யார் கூட வருகிறீர்கள்?

திருச்சிக்காரன்:
இங்கே என்ஐடியில் 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறதே. 2022-இல் வந்தது, வேகம் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். அதிலிருந்து தொடங்குங்கள்.

தல்லாகுளம் அண்ணன்:
வேகத்தை மட்டும் போட்டால் போதாது தங்கச்சி. ஜிபியு (கணக்கை வேகப்படுத்தும் சிப்) எந்த வகை, வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருளில் ஒரு வேலைக்கு எத்தனை மணி நேரம் விடுவார்கள், கட்டணம் உண்டா, இதுதான் முக்கியம். கடைசியாகச் சரிபார்த்த தேதியும் வேண்டும். பழைய தகவலை நம்பி அலைவது கொடுமை.

நாகமலை மாணவி:
சரிண்ணே, தேதிக்குத் தனிக் கட்டம் வைத்துவிட்டேன். அப்புறம், யாருடைய சொந்த எண்ணும் வேண்டாம். துறை மின்னஞ்சல் மட்டும் போடுங்கள்.